பெற்றவன் விருந்தாளியா?

நம் தமிழ் மக்களிடம் விசித்திரமான ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. குழந்தை பிறந்த செய்தி எட்டியதும் தகப்பனைச் சூழ்ந்துகொண்டு கைகுலுக்குவாரும், மிட்டாய் கேட்பாரும், "சிங்கக்குட்டி பிறந்தான்", "மகாலட்சுமி வந்தாள்" என்று வாழ்த்துவாருமாக ஒரே ஆரவாரமாயிருக்கும். அன்று முதல் அக்குழந்தைக்கும் அவனுக்கும் உள்ள தொடர்பு யாதென்று கேட்டாலோ, "சம்பாதித்துப் போடுகிறானே, வேறென்ன வேண்டும்?" என்னும் ஒரே விடைதான் எல்லார் வாயினின்றும் வருகின்றது. பெயரின் தலையெழுத்து அவனுடையது. பால்மாவுக் கடன் அவனுடையது. குழந்தையின் பொழுது மட்டும் அவனுடையதன்று. தன் வீட்டிற்குத் தானே அந்தி நேரத்து விருந்தாளியாய் வந்து, தூங்கும் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, விடியுமுன் எழுந்து போகின்றவனைத்தான் நாம் 'பொறுப்புள்ள தகப்பன்' என்று கொண்டாடி வருகிறோம். இஃது ஒழுங்குதானா என்பதை இங்கு ஒரு சிறிது ஆராய்வோம்.

இதனை எழுதும் நாம் தானா ராத்தாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். பெரட்டுக்கு வந்தோர் தொகையைக் குறிப்பதும், செக்ரோல் எழுதுவதும், கொழுந்தின் நிறையைப் பதிவதும், லீவுக் கணக்கு வைப்பதும் நமது தொழில். வயது முப்பதைக் கடந்து, வீட்டில் ஐந்து திங்கட் குழந்தை தவழ முயலும் இந்நாளில், பிறருடைய லீவுக் கணக்கை எழுதும்போதெல்லாம் அதன் உள்ளே அடங்கியுள்ள அநீதி நம் கண்ணை உறுத்துகின்றது. ஆகவே எழுதத் துணிந்தோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மலேசியாவில் அரசாங்க ஊழியர்க்குத் தந்தைமை விடுமுறை முன்பே இருந்தது. தனியார் நிறுவனங்களிலும் தோட்டங்களிலும் உழைப்பவனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. 2021ஆம் ஆண்டு பாராளுமன்றத்திற்கு வந்த வேலைச் சட்டத் திருத்த மசோதாவில் அவனுக்கென 3 நாட்கள் குறிக்கப்பட்டன. பலருடைய வற்புறுத்தலின் பின்னர் 2022 மார்ச்சு மாதத்தில் அது 7 நாட்களாக நிறைவேறிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 1ந் தேதி நடைமுறைக்கு வரவேண்டிய சட்டம் மேலும் நான்கு மாதம் தள்ளிப்போடப்பட்டு, 2023 ஜனவரி 1ந் தேதிதான் உயிர் பெற்றது. அதே திருத்தத்தால் தாய்க்குரிய பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகவும், வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகவும் மாறின. இவை நல்ல காரியங்களே. இவற்றுக்காகப் பாடுபட்டோரை நாம் மனமார வாழ்த்துகிறோம்.

ஆயினும், அந்த 7 நாளைச் சற்றே பிரித்துப் பாருங்கள். சட்டம் சொல்வது தொடர்ந்த ஏழு நாள். எனவே வாராந்தர ஓய்வு நாளும் அதற்குள் விழுங்கப்பட்டுவிடுகின்றது. விவாகமானவனாயிருக்க வேண்டும். ஒரே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். ஐந்து பேறுகளுக்கு மேல் இல்லை. ஐந்தேழு முப்பத்தைந்து! இருபது வயதில் வேலைக்கு வந்து அறுபது வயதில் ஓய்வு பெறும் ஒருவன், ஐந்து குழந்தைகளைப் பெற்றாலும், அந்த நாற்பது ஆண்டுக் காலத்தில் ஒரு முதலாளியிடம் 'தகப்பன்' என்ற பெயரால் கேட்டுப் பெறக்கூடியது ஆக 35 நாட்களே. "இதனால் தொழில் கெட்டுவிடும், செலவு தாங்காது" என்று ஓலமிட்ட முதலாளிமார்களைக் கேட்கின்றோம்: நாற்பதாண்டு உழைப்பில் 35 நாள் போனால் கவிழ்ந்து போகும் தொழில் எந்தத் தொழில்?

இனி, அந்த ஏழு நாளில் குழந்தையிடம் நடப்பதென்ன? பிறந்த சிசுவுக்குத் தொலைவிலுள்ளது தெளியாது. ஒரு சாண் தொலைவில் குனிந்து பார்க்கும் முகமே அதற்குப் புலப்படும். முதல் வாரத்தில்தான் பல குழந்தைகளுக்கு மஞ்சட்காமாலை தலைகாட்டி மூன்றாம் நான்காம் நாளில் ஏறுகின்றது. தொப்புட்கொடி பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்திற்குள் உலர்ந்து விழுகின்றது. தாயோ, பிள்ளை பெற்ற உடம்போடு எழுந்து உட்காரவே துணை வேண்டியவளாயிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும், பிறப்பைப் பதிவு செய்வதும், உறவினரை ஏற்றி இறக்குவதுமாக அவ்வேழு நாளும் பறந்துவிடுகின்றன. முகம் பார்த்துச் சிரிக்கும் சிரிப்போ ஏறக்குறைய ஆறாவது வாரத்தில்தான் வருகின்றது. அதாவது, பெற்றவனைப் பார்த்துப் பிள்ளை முதன்முதற் சிரிக்கும் நாளில் அவன் பெரட்டுக்களத்தில் நின்றுகொண்டிருக்கிறான்.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று வளர்ந்து செல்லும் அப்பருவங்களை 3ஆம் திங்கள் தொடங்கி 21ஆம் திங்கள் வரையில் ஒற்றைப்படைத் திங்கள்களில் வைத்து எண்ணுவது வழக்கம். ஐந்தாம் திங்களில் தலை நிமிர்த்தி அசைவதையும், ஒன்பதாந் திங்களில் கை கொட்டுவதையும், ஓராண்டைக் கடந்து தளர்நடையிட்டு வருவதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்க்கன்றி இத்தகைய பகுப்புத் தோன்றாது. சோழன் அரசவையிலிருந்த ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மேல் பாடியது முதல், இந்நூல்களைப் பாடியவர்களிற் பெரும்பாலோர் ஆடவர். புலவன் தன் பாட்டைத் தொடங்குவதே மூன்றாந் திங்களில். நம் சட்டமோ ஏழாம் நாளிலேயே கணக்கை மூடிவிடுகின்றது!

வேறு நாடுகள் இவ்விஷயத்தில் எவ்வாறு நடக்கின்றன? சுவீடன் தேசம் 1974ஆம் ஆண்டிலேயே தாய் தந்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் விடுமுறையை ஏற்படுத்திற்று. இன்று அங்கே ஒரு குழந்தைக்கு 480 நாட்கள். அவற்றுள் 90 நாட்கள் ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்க முடியாதபடி ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. "அது பணக்கார வெள்ளையர் நாடு" என்பீர்களாயின், ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து பாருங்கள். சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் தகப்பனுக்கு நான்கு வாரம் கட்டாயம். அதற்குரிய சம்பளத்தை ஓர் உச்சவரம்பு வரை அரசாங்கமே முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கின்றது. இந்தியாவில் மத்திய அரசாங்க ஊழியனுக்கு 15 நாள் உண்டு. தனியாரிடம் உழைப்பவனை எல்லாருக்கும் பொதுவான சட்டம் எதுவும் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஆக, நாம் எல்லாருக்கும் பின்னால் நிற்கவில்லை. அதைச் சொல்லித் திருப்தியடைந்து உட்கார்ந்துவிடுவதைத்தான் கண்டிக்கிறோம்.

சட்டத்திலுள்ள 12 மாத நிபந்தனை ஏழைகளை எவ்விதம் கடிக்கின்றதென்பதற்கு ஒன்று சொல்வோம். இம்மலையில் ஒரு தோட்டத்தில் குத்தகைக்காரன் கீழ் வேலை செய்த வாலிபன் ஒருவன். தலைப்பிள்ளை பிறந்தபோது அவனுக்கு வேலையில் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்திய இரண்டு ஆண்டும் அவன் அதே மலையில், அதே செடிகளிடையேதான் உழைத்தான். குத்தகைக்காரன் மாறியதால் முதலாளியும் மாறினான் என்பது கணக்கு. சம்பளமில்லாமல் இரண்டு நாள் நின்றான். மூன்றாம் நாள் பெரட்டுக்கு வந்துவிட்டான். "ஏனப்பா?" என்றதற்கு, "மூணு நாள் சம்பளம் போனா பாம்பர்ஸ் வாங்க முடியாதுங்க, கிராணி ஐயா" என்றான். செடி மாறவில்லை, கை மாறவில்லை, காகிதத்தில் பெயர் மாறியதற்காகப் பிள்ளை முகத்தை இழந்தான் அவன். இதற்கு நியாயம் சொல்வார் உண்டோ?

அவனினும் பரிதாபத்திற்குரியவர்கள் வேறு இருக்கிறார்கள். இன்று நம் மலையில் கொழுந்து வெட்டுவோருள் பெருந்தொகையினர் வங்காள தேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தற்காலிக வேலைப் பாஸில் வந்தவன் பெண்டு பிள்ளைகளை அழைத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. பல்லாயிரம் மைலுக்கப்பால் பிறந்த பிள்ளையைக் கைப்பேசிக் கண்ணாடியில் தடவிப் பார்த்துவிட்டு அவன் லயத்தில் படுக்கிறான். "அவன் வேற்று நாட்டான், நமக்கென்ன?" என்று தமிழன் சொல்லலாகாது. கடல் கடந்து வந்த கூலியின் பேரப்பிள்ளைகள் நாம். கப்பலேறிய நம் பாட்டன்மாரில் எத்தனை பேர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, திரும்பிப் பாராமலே இம்மண்ணில் மடிந்தார்களென்பதை நாமே மறந்துவிட்டால் வேறு யார் நினைப்பார்?

நிற்க. சட்டத்தையும் முதலாளியையும் மட்டும் குறை கூறிவிட்டு நம்மவரைத் தப்பவிடுவது நேர்மையாகாது. கிடைக்கும் ஏழு நாளை நம் ஆடவர் என்ன செய்கிறார்கள்? மனைவி தாய்வீட்டில், மாப்பிள்ளை முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டு, "பெண்கள் இருக்கிற இடத்தில் எனக்கென்ன வேலை?" என்று திரும்பி, நண்பர்களோடு ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் சுற்றி, பிள்ளை பிறந்த சந்தோஷத்தைப் புட்டியில் கொண்டாடி லீவைத் தீர்க்கிறான். வீட்டிலிருப்பவனோ, மடியில் குழந்தையும் கையில் கைப்பேசியுமாய், பிறர் வீட்டுக் குழந்தைகளின் வேடிக்கைப் படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, தன் குழந்தை தன் முகத்தையே உற்று நோக்குவதை அறியாதிருக்கிறான். இப்படிப்பட்டவனுக்கு எழுபது நாள் விடுமுறை கொடுத்தாலும் பயன் யாது?

இதற்குமேல் மூடவழக்கம் ஒன்று நடுவில் சுவரெழுப்புகின்றது. தீட்டென்றும், நட்சத்திரம் சரியில்லையென்றும், பெற்றவன் இத்தனை நாள் பிள்ளையைத் தொடலாகாது, முதலில் எண்ணெய்க் கிண்ணத்தில் நிழலைத்தான் பார்க்க வேண்டுமென்றும் சில குடும்பங்களில் இன்னும் சொல்லி வருகிறார்கள். தாதி தொடலாம், டாக்டர் தொடலாம், ஊசி போடுவோர் தொடலாம். பெற்றவன் தொட்டால் மட்டும் கிரகம் கோபிக்குமாம்! கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவிக்கொண்டு குழந்தையைத் தூக்கு என்று சொல்வது அறிவு. பஞ்சாங்கம் பார்த்துவிட்டுத் தூக்கு என்பது மடமை. இந்த மடமையை முதலாளி திணிக்கவில்லை, நாமே சுமக்கிறோம்.

பழைய நூல்களைத் துணைக்கழைத்து வாதாடும் பெரியோர் சிலர் உளர். பெற்று வளர்ப்பது தாயின் கடமை, சான்றோனாக்குவது தந்தையின் கடமை என்று பொன்முடியார் புறநானூற்றின் 312ஆம் பாட்டில் வகுத்திருக்கிறாரே என்பர். ஆம், வகுத்திருக்கிறார். அதே பாட்டில் கொல்லனுக்கு வேல் வடித்துக் கொடுக்கும் கடமையும், மகனுக்கு யானையை வெட்டி வீழ்த்தி மீளும் கடமையும் சொல்லப்பட்டுள்ளன. நீங்கள் உங்கள் மகனை யானை வெட்ட அனுப்பினீர்களா? கணக்கும் கம்ப்யூட்டரும் படிக்க அனுப்பினீர்கள். போர்க்களத்திற்காகச் சொன்ன பாட்டில் உங்களுக்கு வசதியான ஒரு வரியை மட்டும் பிய்த்துக்கொண்டு வருவது வாதமாகாது. அன்றியும், முன்பின் அறியாதவன் ஒருவனைச் சான்றோனாக்குவது எப்படி? ஏழு வயதுவரை பழகாத பிள்ளையை எட்டாம் வயதில் பிரம்பெடுத்துத் திருத்தப் புகுவதற்குப் பெயர் கல்வியன்று, அதிகாரம்.

திருவள்ளுவரைப் பாருங்கள். மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில், தந்தை மகனைச் சபையில் முந்தியிருக்கச் செய்ய வேண்டுமென்பது 67ஆம் குறள். அதற்கு முன் வரும் மூன்று குறள்கள் எவற்றைப் பற்றியவை? பிள்ளையின் சிறு கை துழாவிய உணவின் சுவையைப் பற்றியது ஒன்று. மெய் தீண்டும் இன்பத்தைப் பற்றியது ஒன்று. மழலை கேட்கும் இன்பத்தைப் பற்றியது ஒன்று. தூக்கி, ஊட்டி, கேட்டு இன்புற்ற பிறகே சபையில் முந்துவிக்கும் கடமை வருகின்றது. பாண்டியன் அறிவுடை நம்பியோ முடிமன்னன். குழந்தை குறுகுறுவென நடந்து வந்து, நெய்ச்சோற்றைத் தொட்டும் பிசைந்தும் மேலெல்லாம் சிந்தியும் மயக்குவதை 188ஆம் புறப்பாட்டில் அவன் வரைந்திருப்பது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுடைய சித்திரம். இராச்சியத்தை ஆண்டவனுக்குக் கிடைத்த நேரம், ஒரு காலாம்பற நேரம் தொழிற்சாலைக் கணக்கை ஆளுகின்ற நமக்குக் கிடைக்கவில்லையாம்!

"இங்கிலீஷ் படித்தவர்கள் வெள்ளைக்காரன் வழக்கத்தைக் கொண்டுவந்து புகுத்துகிறார்கள்" என்று நம்மைப் பார்த்து ஏளனம் செய்வாரும் இருக்கிறார்கள். நாம் ஆங்கிலப் பள்ளியிற் படித்தது உண்மைதான். ஆனால் சரித்திரம் என்ன சொல்லுகின்றது? 1929ல் ஜே. ஏ. ரஸ்ஸல் இம்மலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். 1934ல் இதே மலையில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கென்று டாங்ளின் விடுதிப் பள்ளி நிறுவப்பட்டது. அதற்குமுன், அவர்கள் பிள்ளைகள் பலரைக் கப்பலேற்றிச் சீமைக்கே அனுப்பி வந்தனர். பிள்ளையை ஆயாவிடமும் விடுதியிடமும் ஒப்படைத்துவிட்டுத் துரையாய் விலகி நிற்பதே அக்காலத்து வெள்ளையர் வழக்கம். குழந்தையை மடியிற் போட்டுக்கொள்வது நம் புலவர் வழக்கம். ஆகவே, விலகி நிற்கும் தகப்பனே துரைமாரைப் பார்த்து நடிக்கிறான்.

தோட்டத்துக் குழந்தை இங்கே யாரால் வளர்க்கப்பட்டது? தகப்பன் மலையில், தாய் மலையில், குழந்தை ஆயாக் கொட்டகையில். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டுமென்றது. அப்பிள்ளைகளுக்குத் தகப்பனோடு இருக்கும் நேரம் வேண்டுமென்று அன்று யாரும் எழுதவில்லை. மூன்று வாரத்திற்கொருமுறை கொழுந்து துளிர்க்கும் செடிக்கு அட்டவணை போட்டு, ஒரு சுற்றும் தவறாமல் போய்ப் பார்த்தார்கள். செடியாவது வெட்டினால் மறுபடி துளிர்க்கும். போன வாரத்துக் குழந்தை மறுபடி வருவதில்லை.

தானா ராத்தா பட்டணத்துத் தமிழரின் நிலையும் வேறன்று. உணவுக்கடைத் தோழர், வாடகைக் காரோட்டி, ஓட்டல் சிப்பந்தி ஆகியோருக்கு வேலை மிகுவதே சனி ஞாயிறுகளில். அந்நாட்களில் தாப்பா வழியாக ஏறி வரும் தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளைத் தேயிலைச் செடிகளுக்கிடையே தோளில் தூக்கி நின்று படமெடுத்துக்கொள்ளுகிறார்கள். அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் நம் தகப்பனுடைய பிள்ளையோ வீட்டுச் சன்னலில் நிற்கின்றது. பிள்ளைக்கு ஏழு வயது நிறையும் வரையில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கூட்டிப் பாருங்கள்: 365. அதாவது ஏழு ஆண்டு ஞாயிறுகளும் சேர்ந்து ஓர் ஆண்டுதான். அந்த ஓராண்டையும் விற்றுவிட்டால் மிச்சமென்ன?

"உழைக்காவிட்டால் உலை எரியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. உழைக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கூலியே அன்பு என்று முதலாளியும், பணம் அனுப்புவதே பாசம் என்று சமூகமும், ஓவர்டைமே தியாகம் என்று தகப்பனும் சொல்லிச் சொல்லி, மூவருமாகச் சேர்ந்து குழந்தையை ஏமாற்றுவதைத்தான் எதிர்க்கிறோம். குழந்தைக்குக் கூலி தெரியாது, கை தெரியும்.

ஆகவே, செய்யவேண்டியவற்றைச் சொல்லி முடிப்போம். அரசாங்கம் ஏழு நாளை ஒரு மாதமாக்க வேண்டும். ஒரே தவணையிலன்றி முதல் ஆண்டுக்குள் பிரித்தெடுத்துக்கொள்ளவும் இடந்தர வேண்டும். குத்தகைக்காரன் மாறினாலும் அதே தோட்டத்து உழைப்பைத் தொடர்ச்சியாக எண்ண வேண்டும். செலவில் ஒரு பங்கைச் சிங்கப்பூரைப் போல் பொதுப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். 1954 முதல் தோட்டத் தொழிலாளர்க்காகப் பேசி வரும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும், நம்மைப் போன்ற சிப்பந்திகளின் சங்கமும் கூட்டு ஒப்பந்தம் பேசும்போது சம்பளத்தோடு இதனையும் மேசைமேல் வைக்க வேண்டும். சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2023 முதல், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் விடையளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் காட்ட வேண்டும். இவ்வுரிமையை அறிந்தவர் தோட்டத்தில் எத்தனை பேர்? எழுதத் தெரியாதவனுக்கு அவ்விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது கிராணிமார்களாகிய நம் கடமை. துரைக்காக ஆயிரம் கடிதம் எழுதிய பேனா, பக்கத்து லயத்துத் தகப்பனுக்காக ஒரு கடிதம் எழுதினால் முறிந்துவிடாது.

தகப்பன்மார்களே! உங்களுக்கு ஒரு சிறு பரீட்சை வைக்கிறோம். உங்கள் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எந்த மாதம்? எந்தப் பாட்டுக்கு அழுகையை நிறுத்துகின்றது? வயிற்று வலியில் அழுவதற்கும் தூக்கத்துக்கு அழுவதற்கும் வித்தியாசம் தெரியுமா? இந்தக் குளிர் மலையில் குளிப்பாட்டும் வெந்நீரின் சூட்டை முழங்கையால் என்றைக்காவது தொட்டுப் பார்த்தீர்களா? தெரியாதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. இன்று மாலை கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் குழந்தையைக் கையில் வாங்குங்கள். தாய் ஒரு மணி நேரம் தூங்கட்டும். உரிமை கேட்கும் கை, அவ்வுரிமையைப் பயன்படுத்தக் கற்ற கையாயிருக்க வேண்டும். அப்பொழுதுதான் நம் கோரிக்கைக்கு வலிமை பிறக்கும். குழந்தைக்குத் தகப்பனும் கிடைப்பான்.